பாரசீகத்தின் நிலத்தடி நீர்க்கால்கள்

ஈரான் நாட்டின் நடுப்பகுதிக்கு மேலே வானூர்தியிற் செல்வோர் கீழே நோக்கின், புதுமையான காட்சி ஒன்றைக் காண்பர். மரஞ்செடி எதுவுமற்ற பழுப்பு நிறச் சமவெளியிலே, மலையடிவாரத்தில் தொடங்கி ஊரை நோக்கி, வட்ட வட்டமான குழிகள் வரிசையாகச் செல்லும். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வரம்பு கட்டினாற்போல மண் குவிந்திருக்கும். எறும்புப் புற்றுகளை நூல்பிடித்து வைத்தாற்போன்ற அவ்வரிசை பல மைல் தொலைவு சென்று, ஒரு பசுஞ்சோலையின் விளிம்பிலே முடிவுறும். அச்சோலையின் அருகே ஆறு இல்லை, ஏரி இல்லை. ஆயினும் அங்கே கோதுமை விளைகின்றது, மாதுளை காய்க்கின்றது. குழிகளுக்கு அடியில், சூரிய ஒளி படாத இருளிலே, சிற்றாறு ஒன்று இடையறாது ஓடிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம்.

இந்நிலத்தடி நீர்க்காலை அரபு மொழியிற் கனாத் என்பர். பாரசீகர் காரீஸ் என்றும் வழங்குவர். ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாரசீகத்தின் ஊர்களையும் நகரங்களையும் வாழ்வித்தது இதுவே. பேரரசுகள் தோன்றி மறைந்தன, சமயங்கள் மாறின, படையெடுப்புகள் வந்து போயின. இவையனைத்தையும் கடந்து நிலைத்த இவ்வமைப்பு, கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குள் பெருந்தளர்ச்சி எய்தியது. இத்துணைக் காலம் அதனைக் காத்து நின்றது யாது, பின்னர் அது தளர்ந்தது எதனால் என்னும் வினாக்கள் ஆராயத்தக்கன.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ஈரானின் உயர்நிலத்தை வடக்கே அல்புர்ஸ் மலைத்தொடரும் மேற்கே ஸாக்ரஸ் மலைத்தொடரும் வேலிபோல வளைத்து நிற்கின்றன. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, தான் கொணர்ந்த மழையையும் பனியையும் பெரும்பாலும் அம்மலைகளிலேயே சொரிந்துவிடுகின்றது. நாடு முழுவதற்குமான சராசரி மழைவீழ்ச்சி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 250 மில்லிமீற்றர் மட்டுமே. பாலையின் நடுவேயுள்ள யஸ்த் நகருக்கோ அதில் நாலிலொரு பங்கும் கிடைப்பது அரிது. மலைப்பனி உருகி வரும் நீர் அடிவாரத்துப் பருக்கைக் கற்களினூடே புகுந்து மண்ணுள் மறைகின்றது. மேற்பரப்பில் எஞ்சி ஓடுவது வெயிலில் வற்றுகின்றது. வற்றாதது உப்புப் படுகையிற் கலந்து கெடுகின்றது.

ஆகவே நல்ல நீர் இருக்கும் இடம் ஒன்று. நல்ல வயல் அமையும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் இடையே மைல்கணக்கான வறள்நிலம் கிடக்கின்றது. திறந்த வாய்க்காலில் நீரை விட்டால் பாதியை வெயில் குடிக்கும். மீதியை மணல் குடிக்கும். வெயில் காணாதவாறு நீரைக் கொண்டுவருவது எவ்வாறு என்பதே அந்நாட்டு உழவர்முன் நின்ற வினா.

அவர்கள் கண்ட விடை இதுவாகும். மலையடியில் மண்ணுக்குள்ளே தேங்கியிருக்கும் நீரின் மட்டம், ஊர் அமைந்திருக்கும் தாழ்நிலத்தின் மட்டத்தினும் உயர்ந்தது. அந்நீரிலிருந்து ஊர்வரையும் மண்ணுக்கடியில் ஒரு சுருங்கை வழியை மெல்லிய சரிவாக அகழ்ந்துவிட்டால், நீர் தானாகவே வழிந்து வரும். இறைப்பதற்கு மாடு வேண்டா, ஏற்றம் வேண்டா. கருத்து எளியது, செயல் மிக அரியது.

கனாத் தோண்டுவதையே தொழிலாகக் கொண்டோர் முகன்னி எனப்பட்டனர். தந்தையிடமிருந்து மகன் கற்கும் தொழில் அது. யஸ்த் நகரத்து முகன்னிகள் நாடெங்கும் பெயர் பெற்றவர்கள். மலையடிவாரத்தில் மண்ணின் ஈரத்தையும் ஆங்காங்கே முளைத்திருக்கும் செடிகொடிகளையும் நோக்கி, முதலில் ஆழமான சோதனைக் கிணறு ஒன்றை அவர்கள் தோண்டுவர். நீர் கண்டதும் சில நாள் இறைத்துப் பார்த்து, அது நிலையான ஊற்றா, வெறுங்கசிவா என்று தேர்வர். ஊற்றெனத் தெளிந்தால் அதுவே தாய்க்கிணறு ஆகும்.

அடுத்து மட்டம் பார்க்கும் வேலை. தாய்க்கிணற்றின் நீர்மட்டம்வரை கயிறு ஒன்றை இறக்கி ஆழத்தைக் குறிப்பர். பின்னர் ஊரை நோக்கிப் படிப்படியாகச் சென்று, நிலம் எவ்வளவு தாழ்கின்றது என்பதை அளவுகோலால் அளந்து, அவ்வளவைக் கயிற்றிற் கழித்துக்கொண்டே போவர். கயிற்றின் நீளம் முழுதும் கழிந்து முடியும் இடத்தில், கிணற்று நீரின் மட்டமும் நிலத்தின் மட்டமும் ஒன்றாகின்றன. நீர் ஓடுதற்கு வேண்டிய சிறு சரிவுக்காக அதனினும் சற்றுத் தாழ்ந்த இடத்தைக் கனாத்தின் வாயாகக் கொள்வர். ஆயிரம் அடிக்கு ஓரடி அல்லது ஈரடிச் சரிவே போதுமானது. சரிவு மிகுந்தால் நீர் விரைந்து ஓடிச் சுருங்கையின் அடியை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து வழி அடைபடும்.

தோண்டுதல் வாயிலிலிருந்தே தொடங்கும். ஒருவர் குனிந்து செல்லத்தக்க அளவான சுருங்கையை, மலையை நோக்கி மெல்ல மெல்ல அகழ்ந்து செல்வர். இடையிடையே மேலிருந்து செங்குத்தான குழிகளை இறக்குவர். தோண்டிய மண்ணை மேலேற்றுவதற்கும், உள்ளே காற்று வருவதற்கும், பிற்காலத்தில் இறங்கித் தூர் எடுப்பதற்கும் அவையே வழி. ஒருவர் குந்தாலியால் வெட்டுவார். ஒருவர் மண்ணைத் தோற்பையில் நிரப்புவார். மேலே நிற்போர் மர இராட்டினத்தைச் சுழற்றி அதனை இழுப்பர். அம்மண்ணையே குழியின் வாயைச் சுற்றிக் கொட்டுவர். எதிர்பாராத மழைவெள்ளம் குழிக்குள் பாய்ந்து சுருங்கையைச் சிதைக்காதவாறு அவ்வரம்பு காக்கும். வானூர்தியிலிருந்து காணும் புற்று வரிசை அதுவே.

மண்ணுக்கடியில் திசை தவறாது செல்வதற்கு அவர்கள் கொண்ட கருவி எண்ணெய் விளக்கு. தமக்குப் பின்னே இரண்டு விளக்குகளை நேர்வரிசையில் வைத்துக்கொள்வர். திரும்பிப் பார்க்கும்போது இரண்டு சுடரும் ஒன்றாகத் தோன்றினால் வழி நேரானது. சுடர் மங்கினால் காற்றுக் கெட்டது என்பது பொருள். உடனே வெளியேற வேண்டும். இளகிய மண்ணாயின், உறைகிணற்றுக்கு இறக்கும் உறைபோன்ற சுட்ட களிமண் வளையங்களைச் சுருங்கையின் உள்ளே அணைவாக நிறுத்துவர். ஆயினும் விபத்துகள் நேர்ந்த வண்ணமே இருந்தன. நீருள்ள படையை அணுகும்போது திடீரெனப் பெருகும் வெள்ளமும், தலைக்குமேல் இடிந்து விழும் மண்ணும் பலரைப் பலிகொண்டன. முகன்னிகள் வெள்ளுடை உடுத்தே உள்ளே இறங்குவர். இருளிற் கண்ணுக்குத் தெரிதற்கு அது உதவும். மண் சரிந்து மூடின் அதுவே பிணத்துணியும் ஆகும் என்று கூறுவர். சோலையில் நின்று மாதுளை உண்டவர்களுள் எத்தனை பேர் அவ்வெள்ளுடையாளரை எண்ணினர் என்பது வேறு வினா.

இவ்வாறு எளிய கருவிகளால் ஆக்கிய வேலையின் அளவு வியப்பூட்டுவது. கொனாபாத் நகரின் கஸபே என்னும் கனாத் 33 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் தாய்க்கிணறு 300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமுடையது. யஸ்த் பகுதியிலுள்ள ஸார்ச் கனாத் கிளைகளோடு ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தொலைவுக்கு நீள்கின்றது.

இக்கலை எங்கே, எப்பொழுது தோன்றியது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. வடமேற்கு ஈரானின் மலைநாட்டிலே சுரங்கம் அகழ்ந்து உலோகம் எடுத்தோரிடம் இது தோன்றியது என்பர் ஒரு சாரார். அரபுத் தீபகற்பத்தின் தென்கிழக்கே அல் ஐன் பகுதியில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலத்தடி நீர்க்கால்கள் வெளிப்பட்டமையைச் சுட்டுவர் மற்றொரு சாரார். எழுத்துச் சான்றுகளுள் பழையதாகப் பலர் காட்டுவது, அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் கி.மு. 714இல் உரார்த்து நாட்டின்மேற் படையெடுத்த செய்தியைக் கூறும் களிமண் பலகை. உல்ஹு என்னும் ஊருக்கு அந்நாட்டரசன் நீர் கொணர்ந்து வளஞ்செய்ததையும், தான் அந்நீர்க்காலின் வாயை அடைத்து அவ்வூரைக் கெடுத்ததையும் சர்கோன் அதிற் பெருமையோடு பேசுகின்றான். அது கனாத்தைக் குறிப்பதன்று, திறந்த வாய்க்காலையே குறிக்கும் என்று மறுப்பாரும் உளர்.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியது. கி.மு. 209இல் செலூக்கிய மன்னன் மூன்றாம் அந்தியோக்கஸ், பார்த்தியரசன் அர்சாக்கஸ்மீது படை நடத்திப் பாலை வழியே சென்றான். அப்பாலையில் மேற்பரப்பில் நீர் காணப்படாதாயினும், நிலத்தடியில் பல கால்வாய்கள் கிணறுகளோடு இணைந்து ஓடின என்றும், அவற்றை உள்ளூரார் மட்டுமே அறிவர் என்றும் பொலிபியஸ் கூறுகின்றார். நீர் பாயாத நிலத்துக்கு நீர் கொணர்ந்தோர் ஐந்து தலைமுறைவரை அந்நிலத்தின் பயனை நுகரலாம் எனப் பாரசீகர் தம் ஆட்சிக் காலத்தில் உரிமை வழங்கினர்; அதனால் மக்கள் பெரும்பொருளும் உழைப்பும் செலவிட்டு நெடுந்தொலைவிலிருந்து நீர் கொணர்ந்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. அந்தியோக்கஸ் வருவதை அறிந்த அர்சாக்கஸ், கிணறுகளைத் தூர்த்து அழிக்குமாறு தன் குதிரைவீரரை ஏவினான். அந்தியோக்கஸ் நிக்கோமீடஸ் என்பானை ஆயிரங் குதிரைவீரரோடு விடுத்து அவர்களைத் துரத்தினான்.

ஐந்து தலைமுறை உரிமை என்னும் இக்குறிப்பு மிக முக்கியமானது. ஒரு கனாத்தைத் தோண்டி முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். சிலவற்றுக்கு ஒரு தலைமுறையே சென்றது. தான் நட்ட மரத்தின் கனியைத் தன் பேரனேனும் உண்பான் என்னும் உறுதியின்றி எவரும் அவ்வேலையிற் கை வையார். கனாத்தின் முதல் அடித்தளம் அரசு அளித்த அந்நம்பிக்கையே எனலாம்.

பாரசீகப் பேரரசு பரவிய இடமெல்லாம் இக்கலையும் பரவியது. எகிப்தின் மேற்குப் பாலையிலே கார்கா சோலையின் தென்பகுதியில் அயின் மனாவிர் என்னும் இடம் உளது. பாரசீகர் எகிப்தை ஆண்ட கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நிலத்தடி நீர்க்கால்கள் பல அங்கே அகழ்ந்து கண்டறியப்பட்டன. அவற்றோடு எகிப்திய மொழியில் எழுதப்பெற்ற மண்ணோட்டுச் சாசனங்களும் கிடைத்தன. இன்ன நீர்க்காலில் இத்தனை நாள் நீர் இன்னாருக்கு உரியது என, நீர்ப்பங்கை விற்றதும் மாற்றியதும் அவ்வோடுகளிற் காணப்படுகின்றன. கால்வாய் பழுதுற்று மண்மூடிய பின்னும், பங்கீட்டின் கணக்கு நிலைத்துவிட்டது.

பிற்காலத்தில் முஸ்லிம் ஆட்சி மேற்கே விரிந்தபொழுது மொரோக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் இக்கலை சென்றது. கிழக்கே ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான் ஆகியவற்றிலும், சீனத்தின் வடமேற்குப் பகுதியிலுள்ள துர்ப்பானிலும் இத்தகைய நீர்க்கால்கள் உள்ளன. ஓமான் நாட்டில் இவை பலஜ் எனப்படும். இந்தியாவின் தக்காணத்திலே பீதார், புர்ஹான்பூர் ஆகிய நகரங்களும் பாரசீக முறையில் அமைந்த நிலத்தடி நீர்வழிகளைப் பெற்றன.

நீர் பொதுவாகும்பொழுது வழக்கும் பொதுவாகும். மேலே இருப்பவன் தன் காணியில் ஆழமாக ஒரு கிணறு வெட்டினால், கீழே நூறு குடும்பத்தின் கனாத் வற்றும். ஆகவே எவ்வளவு தொலைவுக்குள் எவரும் புதுக் கிணறு வெட்டலாகாது என வரையறுத்தல் இன்றியமையாததாயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டில் குராசானை ஆண்ட அப்துல்லா இப்னு தாஹிரிடம் நிஷாப்பூர் மக்கள் கனாத் வழக்குகளை ஓயாது கொண்டுவந்தனர். அன்றிருந்த சட்ட நூல்களில் அவற்றுக்குத் தெளிவான விதி காணப்படவில்லை. அவர் குராசானிலும் ஈராக்கிலும் இருந்த சட்ட அறிஞரை ஒருங்கு கூட்டிக் கனாத்துகளைப் பற்றிய நூல் ஒன்றைத் தொகுப்பித்தார். இருநூறு ஆண்டுகள் கழிந்து தம் காலத்திலும் அந்நூலைக் கொண்டே தீர்ப்பு வழங்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர் கர்தீசி எழுதுகின்றார். அந்நூல் இன்று கிடைக்கவில்லை.

கிடைப்பது மற்றொரு நூல். அட்சர கணிதத்திற் பெரும்புகழ் பெற்ற அல்கரஜி, ஏறக்குறைய 1017ஆம் ஆண்டில், மறைந்த நீரை வெளிக்கொணரும் வகை பற்றி அரபு மொழியில் எழுதினார். நீர் இருக்கும் இடத்தை அறியும் குறிகள், மட்டம் அளக்கும் கருவிகள், சுருங்கை அகழும் முறை, தூர் எடுக்கும் முறை ஆகியவற்றோடு, கனாத்தைச் சுற்றி விடவேண்டிய காப்பு நிலத்தின் அளவையும் அவர் ஆராய்கின்றார். கணித அறிஞர் ஒருவர் முகன்னியின் தொழிலை நூலாக்கத் தக்கதெனக் கருதியமை அக்காலத்து அறிவுலகின் சிறப்பைக் காட்டும்.

நீரைப் பங்கிடுதற்கு மீராப் எனப்படும் நீர்த்தலைவர் ஒருவர் இருப்பார். அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, அடியில் நுண்துளையிட்ட செப்புக் கிண்ணம் ஒன்றை அதன்மேல் மிதக்கவிடுவர். கிண்ணம் நிறைந்து அமிழும் நேரம் ஓர் அளவு. தமிழர் கொண்டிருந்த நாழிகை வட்டிலை ஒத்த இக்கருவியின் அருகே, இரவும் பகலும் ஒருவர் அமர்ந்து எண்ணுவார். இத்தனை கிண்ணம் இவருக்கு, இத்தனை கிண்ணம் அவருக்கு என முறை வரும். அம்முறை ஒரு சுற்று முடிந்து மீண்டும் தமக்கு வரும்வரை உழவர் காத்திருப்பர். நிலம் உடையவர் வேறு, நீர் உடையவர் வேறாகவும் இருத்தல் உண்டு. நீர்ப்பங்கை விற்றனர், மகளுக்குச் சீதனமாக அளித்தனர், பள்ளிவாசலுக்கு அறக்கட்டளையாக எழுதிவைத்தனர்.

இவ்வொழுங்கில் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. நீர் முதலில் வெளிப்படும் மேற்புறத்தே செல்வர் வீடுகள் அமைந்தன. பலர் கை பட்டுக் கலங்கிய நீரே கடைமடையில் இருந்த ஏழையர்க்குக் கிடைத்தது. கனாத்தைத் தோண்டவும் பழுது பார்க்கவும் பொருள் ஈந்த நிலக்கிழார் விளைவிற் பெரும்பங்கைக் கொண்டனர். இருளில் உயிரைப் பணயம் வைத்தவர்களோ வறியவராகவே வாழ்ந்தனர். ஆயினும் ஒன்று உறுதி: கிழார், குடியானவர், முகன்னி ஆகிய மூவரும் ஒரே நீரையே நம்பியிருந்தனர். ஆண்டுதோறும் தூர் எடாவிடின் அனைவரும் ஒருங்கே கெடுவர்.

அவ்வாறு கெட்ட காலமும் உண்டு. 1221இல் மங்கோலியப் படை நிஷாப்பூரை அழித்தது. குராசானின் கனாத்துகள் பல பேணுவாரின்றித் தூர்ந்தன. ஆயினும் அம்மங்கோலியர் மரபிலேயே தோன்றி 1295 முதல் 1304 வரை ஆண்ட காசான் கான், பாழ்நிலத்தை மீட்டுப் பயிர்செய்வோர்க்கு வரிச்சலுகை அளித்து ஆணையிட்டான். பழைய பாரசீகர் வழங்கிய உரிமையை இது நினைவூட்டும். படையெடுப்பால் அழிந்ததை நம்பிக்கை மீண்டும் தோண்டி எடுத்தது.

இருபதாம் நூற்றாண்டில் வந்த மாற்றம் இத்தகையதன்று. எண்ணெயாலும் மின்சாரத்தாலும் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன. பல ஆண்டு உழைப்பின்றிச் சில நாளில் ஆழமான குழாய்க்கிணறு ஒன்றை அமைக்கலாம்; வேண்டும்பொழுது வேண்டுமளவு நீர் எடுக்கலாம்; அயலாரைக் கேட்க வேண்டியதில்லை. கனாத்தோ குளிர்காலத்தில் நீர் தேவைப்படாத பொழுதும் ஓடிக்கொண்டே இருக்கும்; கோடையில் மிகுதியாகத் தருக எனின் தாராது. உழவர் இயந்திரத்தை விரும்பியதிற் குற்றம் காண இடமில்லை. எவரும் சுருங்கைக்குள் இறங்கிச் சாக வேண்டியதில்லை என்பதும் சிறு நன்மையன்று.

இதே காலத்தில் நிலவுரிமையும் மாறியது. 1962இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தம் பெருங்கிழாரின் நிலத்தைப் பகிர்ந்து குடியானவர்க்கு அளித்தது. நெடுநாள் அநீதி ஒன்று நீங்கியது. ஆயின் கனாத்துக்குச் செலவிட்டு வந்தவர் விலகியபின், அச்செலவை ஏற்பதற்குச் சிறு உழவர் பலரிடம் பொருள் இல்லை. எல்லா ஊர்களிலும் கூட்டுறவும் அமையவில்லை. 1968இல் நாட்டின் நீர்வளம் அனைத்தும் அரசுடைமையாக்கப்பட்டது. அதன்பின்னும் கிணறுகள் பெருகி இலட்சக்கணக்காயின. நீர்மட்டம் தாழ்ந்தது, தாய்க்கிணறுகள் வறண்டன.

இங்கேதான் இரு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு புலனாகின்றது. கனாத் மலை தரும் நீரை மட்டுமே பெறும். நீர்மட்டம் குறைந்தால் அதன் ஓட்டமும் குறையும். ஊரார் அவ்வாண்டு விதைப்பைக் குறைப்பர். எல்லை எதுவெனக் கனாத்தே சொல்லிவிடும். இயந்திரத்துக்கு அவ்வெல்லை தெரியாது. மட்டம் தாழ்ந்தால் அது குழாயை மேலும் ஆழத்துக்கு இறக்கும். அதன் விளைவை நிலமே இன்று காட்டுகின்றது. தெகிரான் நகரின் தென்மேற்குச் சமவெளியிற் சில இடங்கள் ஆண்டொன்றுக்கு 20 சென்ரிமீற்றருக்கு மேல் தாழ்வதாகச் செய்மதி அளவீடுகள் காட்டியுள்ளன. நீர் வெளியேறிய மண்படை நெருங்கி இறுகுவதே இதற்குக் காரணம். அவ்வாறு இறுகிய மண் மீண்டும் முன்போல் நீரை ஏலாது.

ஆயினும் கனாத் மறைந்துவிடவில்லை. ஈரானில் இன்றும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவை நீர் தருவதாகக் கணக்கிடுவர். 2003 திசம்பர் 26இல் பாம் நகரைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் அங்கிருந்த கனாத்துகளையும் சிதைத்தது. பேரீச்சந் தோட்டங்களே வாழ்வாகக் கொண்ட அவ்வூரில், வீடுகளோடு கனாத்துகளையும் செப்பனிட வேண்டியதாயிற்று. 2005இல் யஸ்த் நகரிலே யுனெஸ்கோ நிறுவனத்தின் சார்பில் கனாத்துகளுக்கென அனைத்துலக ஆய்வு நிலையம் ஒன்று அமைந்தது. 2006இல் ஓமானின் ஐந்து பலஜ்களும், 2016இல் ஈரானின் பதினொரு கனாத்துகளும் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஓமானிற் பல ஊர்கள் தம் பலஜை இன்றும் தாமே பேணித் தாமே பங்கிட்டு வருகின்றன.

பட்டியலிற் சேர்ப்பது பெருமை. ஆயின் அது தூர் எடாது. கனாத்தை அழித்தது இயந்திரம் என்று மட்டும் கூறுவது அரை உண்மையேயாம். சுருங்கையைத் தாங்கி நின்றது சுட்ட களிமண் வளையம் மட்டுமன்று. உழைத்தவனுக்கு ஐந்து தலைமுறை உரிமை, அயலான் கிணற்றுக்கு அருகே வெட்டாத கட்டுப்பாடு, கிண்ணம் அமிழும்வரை காத்திருக்கும் பொறுமை என்பனவும் அதனைத் தாங்கின. இவை தளர்ந்த இடத்திலே சுருங்கை இடிந்தது. இவை நிலைத்த ஊர்களில், மலையிற் பெய்த பனி இன்றும் பல மைல் இருளைக் கடந்து வந்து, மாதுளை மரத்தடியில் வெளிச்சத்தைக் காண்கின்றது.